வியாழக்கிழமைக் காயங்கள்

போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த மாமி ஒருவர், சோற்றோடு பருப்பைப் பிசைந்தபடியே, "உம்மடை சித்தி பாவம், அந்தக் காலத்திலை சின்யோரா வீட்டிலை என்ன அடி வாங்கினவ" என்றார். எதிரே இருந்தவர் உச்சுக் கொட்டினார். அவருக்கும் கதை தெரிந்திருந்தது. நான் சோற்றை அப்படியே விட்டேன். எழுந்து கை கழுவப் போனேன், திரும்பி வந்து இருந்தேன், பிறகும் எழுந்தேன். கோபம் வந்தால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அது சித்தியிடமிருந்து வந்த குணம் என்று அம்மா சொல்லுவார்.

என் வயதுக்காரரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பாலெர்மோவில் வியா மக்வேதாவின் ஒழுங்கைகளில் ஒன்றாக ஓடித் திரிந்தவர்கள் நாங்கள். இப்போது நேர்த்திக்காக சாந்தா ரொசாலியா கோயில் மலைக்கு வெறுங்காலோடு ஏறினால் பாதி வழியிலேயே முழங்கால் முறைப்பாடு வைக்கிறது. நாங்கள் வாய் திறக்காவிட்டால் இனி மண்டபத்து மாமிமார் சொல்வதுதான் சரித்திரம். சித்தி அடி வாங்கினார், அதில் பொய் இல்லை. எங்கே, யாரிடம் என்பதில்தான் எங்கள் சனம் ஒவ்வொரு முறையும் பிழைவிட்டது.

இத்தாலியில் இன்னும் லிராக் காசு ஓடிய காலம் அது. வியா மக்வேதாவில் பயணப்பெட்டி விற்கிற கடைக்கு மேலே எங்களுக்கு ஓர் அறையும் குசினியும். அறை முழுக்க எப்போதும் புதுப் பெட்டியின் பிளாஸ்ரிக் மணம் இருக்கும். அப்பா ஒரு ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவினார். அம்மா காலையில் மூன்று வீடுகளில் துடைத்தார். சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை, அந்த மாசி மாதம்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத உயரம். பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் வளையத்துக்குக் கீழே நின்று எதிராளிகளின் பந்தை மறிக்கிற இடம் அவருடையது. அவர் நின்ற வருசங்களில் வெளிப் பள்ளிக்கூடக்காரர் அந்தப் பக்கம் வரவே பயப்பட்டார்கள் என்று அவரே சொல்லுவார். சாட்சிக்கு அம்மாவைப் பார்த்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சித்திக்கு ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் வருகிற பகேரியாவில் ஒரு வயதான சின்யோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, வீட்டில் தங்கி நின்று பார்க்கும் வேலை கிடைத்தது. சமையல், துடைப்பு, இரவில் மருந்து எடுத்துக் கொடுப்பது. அந்த வேலைப் பத்திரம் இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருக்கலாம் என்கிற கடதாசி. வேலை போனால் அதுவும் போகும். இதைக் குழந்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

தங்கி வேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமைப் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமையைக் கோயிலும் சொந்தக்காரரும் தின்றுவிடுவார்கள். வியாழன் பின்னேரம்தான் ஆளுக்கென்று மிஞ்சுவது. நினைவிருக்கிறதா, அந்த நேரம் ஸ்டேசன் முன்றில் எப்படி நிரம்பும்? பிலிப்பீன்காரிகள் ஒரு பக்கம், மொரிசியஸ்காரிகள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ரெலிபோன் பெட்டிகளுக்கு முன்னால். எல்லோரும் நன்றாக உடுத்து, போக இடமில்லாமல் நிற்பார்கள்.

சித்திக்கு நிற்க வராது. எங்கள் வீட்டுக்கு வந்தால் பிரிஜ்ஜைத் திறப்பார், மூடுவார். மடித்த உடுப்பை உதறித் திரும்ப மடிப்பார். ஜன்னல் விளிம்பில் ஏறி இருந்து பார்ப்பார், குதிப்பார். "உனக்குக் காலிலை சில்லோ பூட்டிக் கிடக்கு? ஒரு இடத்திலை குந்து பாப்பம்" என்று அம்மா கத்துவார். நானும் அதே சாதி என்பதால், "இந்த ரெண்டும் வீட்டை இடிச்சுப் போடும், எங்கையாவது கூட்டிக்கொண்டு போ" என்று என்னையும் சித்தியோடு வெளியே தள்ளிவிடுவார். ஒற்றைக் குமர் தனியாகத் திரிகிறாள் என்று யாரும் சொல்லாமல் இருக்க நான் காவல். எனக்குப் பதினொரு வயது.

பங்குனியில் ஒரு நாள் சித்தி சந்தைக்குப் போய்விட்டு பகேரியா வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். கீழே வாசலில் சின்யோராவின் பேத்திக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்த அயர்லாந்துப் பெண் நின்று மணியை அமத்திக்கொண்டிருந்தார். நாங்கள் பிறகு அவரை ரீச்சர் என்று சொல்லப் பழகினோம். இந்த ஊரில் கிழவிகள் படியிறங்க மாட்டார்கள், மேலேயிருந்து வாசல் கதவுத் திறப்பைப் போடுவார்கள். சின்யோரா மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து திறப்புக்கோர்வையைப் போட, அது நேராக ரீச்சரின் மண்டைக்கு வந்தது. சித்தி ஒரு கையில் கத்தரிக்காய்ப் பையோடு துள்ளி, மறு கையால் அதை ஆகாயத்திலேயே பிடித்துவிட்டார். ரீச்சர் திறப்பைப் பார்க்கவில்லை, சித்தியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, வியாழக்கிழமைப் பின்னேரம் என்ன செய்கிறாய் என்று கேட்டாராம்.

பிரான்காச்சோ ஸ்டேசனுக்குப் பின்னால், இரும்பு ஷட்டர் செய்கிற பட்டறைகளுக்கும் மாடி வீடுகளுக்கும் நடுவில் ஒரு வெட்டை இருந்தது. புல் என்று சொல்ல அங்கங்கே கொஞ்சம். பட்டறைக்காரர் ஒருவர் கால்பந்துக் கம்பங்களின் மேல் குழாய்களை ஒட்டி ஆகாயத்துக்கு நீட்டிக் கொடுத்திருந்தார். அயர்லாந்துக்காரரின் கேலிக் (Gaelic) கால்பந்துக்குக் கம்பம் அப்படித்தான் இருக்க வேண்டும். குறுக்குக் கம்பிக்கு மேலால் பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. பந்தைக் கையால் பிடிக்கலாம், கொண்டு ஓடலாம், ஆனால் நாலு காலடிக்கு ஒரு தரம் நிலத்தில் குத்த வேண்டும் அல்லது காலால் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும். தோளோடு தோள் இடிக்கலாம். அயர்லாந்தில் ஊருக்கு ஊர் இந்த விளையாட்டுத்தானாம். ரீச்சருக்கு அது இல்லாமல் பாலெர்மோவில் மூச்சு முட்டியிருக்கிறது. படிப்பிக்க வந்த இரண்டு மூன்று அயர்லாந்துப் பெண்களால் அணி நிரம்பாது. அதனால் வியாழக்கிழமை முன்றிலில் நின்ற பெண்களைக் கூட்டி வந்துவிட்டார். பிலிப்பீன், மொரிசியஸ், ஆபிரிக்காவின் ஏதோ தீவு, இப்போது சித்தி.

முதல் நாள் பார்க்கச் சகிக்கவில்லை. வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் அந்த இடத்திலேயே கால் ஊன்றி நின்றுவிட வேண்டும், ஓடக்கூடாது. சித்தி உயரப் பந்தை அழகாகப் பிடிப்பார், பிறகு மரம் மாதிரி நின்றுவிடுவார். "ஓடு, ஓடு!" என்று ஐந்து பாஷையில் கத்துவார்கள். அவர் ஒரு காலைத் தூக்கியபடி யாருக்கு எறியலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடச் சிரிப்பு, வலைப்பந்தில் எதிராளியைத் தொடக்கூடாது, மூன்றடி தள்ளி நின்று கையை உயர்த்தித்தான் மறிக்க வேண்டும். சித்தி இங்கேயும் மரியாதையாக மூன்றடி தள்ளி நின்று இரண்டு கையையும் தூக்குவார். பந்து வைத்திருந்தவள் அவருக்குப் பக்கத்தால் சிரித்துக்கொண்டே போவாள். தற்செயலாகத் தோள் பட்டால் "சொறி, சொறி" என்று ஓடிப்போய் அவளைத் தடவிக் கொடுப்பார்.

"மன்னிப்புக் கேட்காதே, இடி!" என்று ரீச்சர் ஆட்டத்தை நிற்பாட்டிச் சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"எப்பிடியடி இடிக்கிறது? அவள் எனக்கு ஒண்டும் செய்யேல்லையே" என்றார் சித்தி.

இடிக்கப் பழக அவருக்கு மூன்று வியாழக்கிழமை எடுத்தது. பழகிய பிறகு நிற்பாட்ட ஏலாமல் போனது வேறு கதை. ரீச்சர் அவரைக் கோலுக்கு முன்னால் கடைசிக் காவலில் நிறுத்தினார், புல்பெக் என்பார்கள். சித்தி மெதுவாகத்தான் ஓடுவார், ஆனால் பந்து எங்கே விழும் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரியும். முழு வேகத்தில் வருகிறவளுக்குக் குறுக்கே போய்ச் சட்டென்று ஊன்றி நின்றால் அவள் சித்தியின் தோளில் மோதித் திரும்புவாள். ரீச்சர் கையுறை போடச் சொன்னார், பந்து வழுக்காமல் இருக்க. சித்தியிடம் இருந்தது சின்யோரா வீட்டில் கோப்பை கழுவுகிற மஞ்சள் ரப்பர் கையுறை. அதன் விரல் நுனிகளை வெட்டிப் போட்டுக்கொண்டார். அடுத்த கிழமை பிலிப்பீன்காரிகளும் அப்படியே வந்தார்கள். மஞ்சள் கைகளோடு அவர்கள் பந்துக்குத் துள்ளுவதைப் பட்டறைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. கம்பிக்கு மேலால் போன பந்தை ரயில் பாதைப் பக்கம் ஓடி எடுத்து வருவேன். இடைவேளையில் பட்டறைக்காரரிடம் ஐஸ் வாங்கித் துணியில் கட்டி, இடிபட்ட இடங்களில் வைப்பேன். பந்தின் தோல் மணம், இரும்பு தீய்கிற மணம், சித்தியின் வேர்வை. இன்றைக்கும் எங்காவது வெல்டிங் மணந்தால் எனக்கு ஓட வேண்டும் போல் இருக்கும்.

"கொம்மாவுக்கு மூச்சு விடாதை. தெரிஞ்சுதெண்டால் என்ரை காலை முறிச்சு அடுப்புக்கை வைச்சிடுவா" என்றார் சித்தி, பஸ்ஸில் திரும்பி வரும்போது. கலியாணம் பேசுகிற குமர் வெட்டையில் காற்சட்டையோடு ஓடுகிறாள் என்றால் அம்மா என்ன செய்வார் என்று எனக்கும் தெரியும். நான் வாயைப் பூட்டிக்கொண்டேன்.

ஆனால் உடம்பு வாயை மூடாது. வைகாசியில் ஒரு ஞாயிறு, அம்மா சித்தியின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். சட்டை கொஞ்சம் விலகியது. தோளில் நீலம், முன்கையில் பச்சை, புயத்தில் நாலு விரல் பதிந்த சிவப்பு.

"உதென்ன?"

"விழுந்தனான் அக்கா."

"விழுந்தால் நிலத்துக்கு விரல் இருக்கோ?"

சித்தி சட்டையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்று பின்னேரம் அம்மாவும் எதிர்வீட்டு மாமியும் படிக்கட்டில் நின்று நெடுநேரம் குசுகுசுத்தார்கள். சின்யோராவுக்கு ஒரு மகன் இருக்கிறானோ, கிழவிக்குக் கை நீளமோ, இப்படி. மாமிக்கு ஒன்றைச் சொன்னால் அது பொழுதுபடுவதற்குள் ஸ்டேசன் முன்றிலுக்குப் போய்விடும், உங்களுக்குத் தெரியும். பிறகு அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லு. சித்தியை ஆர் அடிக்கிறது?"

விளையாட்டைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பொய்யும் சொல்லக்கூடாது. யோசித்துப் பார்த்துச் சொன்னேன். "எல்லாரும்தான் அம்மா. ஆனா சித்தியும் விடமாட்டா. திருப்பி இடிப்பா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் மால்ட்டாவில் வேலை செய்கிற அயர்லாந்துப் பெண்களின் அணியொன்று கப்பலில் வரப்போவதாக ரீச்சர் சொன்னார். சித்தியின் அணிக்கு அதுதான் முதலாவது உண்மையான ஆட்டம். வியாழக்கிழமை வந்தால்தான் எங்களுக்கு ஆள் சேரும் என்று ரீச்சர் மன்றாடி நாளை மாற்றியிருந்தார். சித்தி இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அதையும் அடியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அந்த வியாழன் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து பறந்து வந்தேன். அம்மாவும் அப்பாவும் வெளிக்கிட்டு நிற்கிறார்கள். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலை, அப்பா கொளுத்தும் வெயிலில் கோட்.

"நீயும் வா. கதைக்க ஆள் வேணும்."

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெர்மெஸ்ஸோ தருகிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில், ஆஸ்பத்திரியில், வீட்டுக்காரனோடு, எங்கும் பெரியவர்களின் வாய் நாங்கள்தானே. அம்மாவின் இத்தாலியன் துடைக்கிற சாமான்களோடு முடிந்துவிடும். அப்பாவுக்குக் கோப்பைகளின் பெயர் மட்டும் தெரியும். சித்தி வீட்டில் நிற்காத நேரம் பார்த்து பகேரியாவுக்குப் போய், சின்யோராவை நேருக்கு நேர் கேட்டு, சித்தியின் உடுப்புகளை எடுத்துக்கொண்டு வருவது என்று தீர்மானித்திருந்தார்கள். "பெர்மெஸ்ஸோ போனால் போகட்டும். பிள்ளை உயிரோடை இருந்தால் காணும்" என்றார் அம்மா. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று இப்போதுதான் விளங்குகிறது. அப்போது எனக்கு ஆட்டம் தொடங்கிவிடும் என்பதுதான் கவலை. ரயில் பிரான்காச்சோவில் நின்றபோது ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். பட்டறைக் கூரைகளுக்கு மேலால் கம்பத்தின் நுனி மட்டும் தெரிந்தது. என் கால் ஆடியபடியே இருந்தது, அப்பா தன் கையால் அதைப் பிடித்து வைத்திருந்தார்.

சின்யோராவின் வரவேற்பறையில் ஜன்னல்கள் பாதி சாத்தியிருந்தன. பூச்சி உருண்டை மணம். அவர் எனக்கு வாதுமைப் பால் ஊற்றித் தந்தார். அம்மா தனக்கு வைத்ததைத் தொடவில்லை.

"கேள். என்ரை தங்கச்சியை இந்த வீட்டிலை ஆர் அடிக்கிறது?"

கேட்டேன். சின்யோராவின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்து வந்தது.

"அதை நானல்லவா உங்களிடம் கேட்க வேண்டும்?" என்றார். "வியாழக்கிழமை அவளை முழுசாக அனுப்புகிறேன். இரவு நீலம் பாய்ந்து திரும்பி வருகிறாள். நான் கேட்டால் விழுந்தேன் என்கிறாள். நான் கிழவி, குருடி இல்லை. உன் அம்மாவிடம் கேள், அடிப்பது அவரா, உன் அப்பாவா? சனிக்கிழமை என் மகன் வந்ததும் பொலிசுக்குப் போவதாக இருக்கிறேன்."

இதையும் நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா கோட்டோடு எழுந்து நின்றுவிட்டார். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நானோ? என்ரை இடுப்பிலை தூக்கி வளத்த பிள்ளையை நானோ?" சின்யோராவும் அழத் தொடங்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சுட்டு விரலால் குத்திக் குத்தி அழ, நடுவில் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லி, கடைசியில் எனக்குத் தாங்கவில்லை. கதிரையில் ஏறி நின்றேன்.

"ஒருத்தரும் அடிக்கேல்லை! சித்தி புட்போல் விளையாடுறா! இப்பவும் பிரான்காச்சோவிலை விளையாடிக்கொண்டிருக்கிறா, எனக்குத்தான் பாக்கேலாமல் கிடக்கு!"

இத்தாலியனிலும் சொன்னேன். சின்யோரா கண்ணைத் துடைத்து, பவுடர் பூசி, கைப்பையை எடுத்தார். தானும் பார்க்க வேண்டுமாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டத்தின் இரண்டாம் பாதி. வெட்டையில் தூசி. அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது சித்தி போட்டிருந்த சட்டை. கொடியிலிருந்து காற்றில் பறந்துவிட்டதாகச் சித்தி சொன்ன அப்பாவின் நீலச் சட்டை. அதே நேரம் உயரப் பந்தொன்று கோலுக்கு முன்னால் இறங்கியது. மால்ட்டா அணியில் கதவு அகலத்துக்கு ஒரு பெண், எதிரிலிருந்து முழு வேகத்தில் வந்தாள். சித்தி பின்வாங்கவில்லை. மஞ்சள் கை இரண்டும் மேலே போயின, பந்து கைக்குள் வந்தது, அவள் வந்து மோதினாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். பந்து சித்தியின் நெஞ்சோடு இருந்தது.

"ஐயோ!" என்று அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். ஆட்டம் நின்றது. அம்மா அந்தப் பெரிய பெண்ணை இரண்டு கையாலும் தள்ளினார், அவள் அசையவில்லை, பேந்தப் பேந்த முழித்தாள். அம்மா சித்தியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"நட வீட்டை! மானங்கெட்டவளே, உன்னாலை நாங்கள் பட்ட பாடு..."

சித்தியின் வாயோரம் இரத்தம். அவருக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, கேள். கிழமை முழுக்கத் தலையைக் குனிஞ்சு 'சி சின்யோரா, சி சின்யோரா' எண்டு நிக்கிறன். குவெஸ்தூராவிலை குனிஞ்சு நிக்கிறன். உன்ரை வீட்டிலையும் குனிஞ்சுதான். இஞ்சை மட்டும் ஒருத்தியும் என்னைத் தாண்டிப் போகேலாது. இதை என்னட்டை இருந்து எடுக்காதை."

சின்யோரா என் தோளைப் பிடித்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன், அந்த 'சி சின்யோரா'வை, அதாவது 'ஓம் அம்மா'வை, மறைக்காமல் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "வியாழன் பின்னேரம் அவளுடையது. எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை."

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை மெல்லத் தளர்ந்தது. சித்தி தன் இடத்துக்கு ஓடினார். அணி ஒரு புள்ளியால் தோற்றது. ஆனால் அந்தக் கதவுப் பெண் அதன் பிறகு ஒரு தரம்கூடக் கோலுக்குக் கிட்ட வரவில்லை. ஸ்டேசனில் ரயிலுக்குக் காத்து நின்றபோது சின்யோரா என்னிடம் நாலு காலடிச் சட்டத்தை மூன்று தரம் விளங்கப்படுத்தச் சொன்னார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பதினொரு வயதில் ஆட்டம் முடிந்தால் எல்லாம் முடிந்ததுதானே. எதிர்வீட்டு மாமி, "என்ன, சின்யோரா ஒத்துக்கொண்டாளோ?" என்று படிக்கட்டில் கேட்டபோது அம்மா, "ஓம், இனி அடிக்கமாட்டாவாம்" என்றார். அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு விளங்கியது. அடி வாங்கினவள் என்றால் பாவம் என்பார்கள். வெட்டையில் ஓடினவள் என்றால் மாப்பிள்ளை வராது. அம்மாவுக்கு அந்த நேரம் எது சின்ன மானக்கேடு என்பதுதான் கணக்கு. மண்டபத்து மாமி இன்றைக்கும் பருப்போடு பிசைகிறது அந்தப் பொய்யைத்தான்.

ஐப்பசிக்குள் கலியாணம் பொருந்திவிட்டது. சுவிஸ் மாப்பிள்ளை. சிகரெட் இல்லை, குடி இல்லை, கோயில் சபையில் பொறுப்பான பதவி. படம் பார்த்த எல்லோரும் சித்திக்கு அடித்த அதிர்ஷ்டத்தைப் பேசினார்கள். சித்தி ஒன்றுதான் கேட்டார். "அங்கை விளையாட விடுவினமோ?"

"முதல்லை போய்ச் சேர். பிறகு எல்லாம் சரிவரும்" என்றார் அம்மா.

கடைசி ஆட்டத்தில் கன்றிய கறுப்பு முன்கையில் இருந்ததால் கலியாணச் சட்டையின் கை மணிக்கட்டு வரை நீட்டித் தைக்கப்பட்டது. மஞ்சள் கையுறை எங்கள் குசினி ஆணியில் தொங்கியது. பிறகு யாரோ கோப்பை கழுவி, கிழிந்து, எறிந்துவிட்டார்கள். ரீச்சர் அடுத்த வருசம் நாடு திரும்பினார், வெட்டையில் கார் நிற்பாட்டுகிற இடம் வந்தது. ஒரு பங்குனியிலிருந்து ஓர் ஐப்பசி வரை, இதுதான் சித்தியின் விளையாட்டு வாழ்க்கை. எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நான் பார்த்த காவல்காரர்களில் அவர்தான் திறம், இதை யாரோடும் சண்டை பிடித்துச் சொல்வேன்.

ஏழு வருசம் கழித்து, நான் பள்ளிக்கூடம் முடிக்கிற கோடையில், சித்தி தனியாக எங்களிடம் வந்தார். சித்தப்பாவுக்கு லீவு இல்லையாம். சித்தி கதிரையில் இருந்தார். சும்மா இருந்தார். பிரிஜ்ஜைத் திறக்கவில்லை, ஜன்னலுக்குப் போகவில்லை, கையை மடியில் வைத்தபடி இருந்தார். அம்மாவுக்குச் சந்தோசம். "இப்பதான் இவளுக்கு ஒரு அடக்கம் வந்திருக்கு" என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது.

மூன்றாம் நாள் அம்மா பழையபடி அவர் தலைக்கு எண்ணெய் வைத்தார். பாலெர்மோ வெக்கை, சட்டையின் பின்பக்கம் தளர்ந்திருந்தது. அம்மாவின் கை நின்றது. பிறகு அவர் சிரித்தார். அந்த விளையாட்டைப் பற்றி அவர் அன்போடு கதைத்தது அன்றுதான் முதல்முறை.

"என்னடி, இன்னும் அந்த இடிபாட்டை விடேல்லையோ நீ?"

சித்தி குனிந்து மடியில் இருந்த கையைப் பார்த்தார். "ஓம் அக்கா" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பருவம் முழுவதும் சித்தியின் காயங்களுக்கு ஐஸ் வைத்தவள் நான். அவை தோளிலும் முன்கையிலும் விலாவிலும் இருந்தன, எல்லாம் பந்துக்கு முகம் கொடுத்து நின்று வாங்கியவை. இவை முதுகில் இருந்தன.

"அங்கை உங்கடை டீமுக்கு என்ன நிற உடுப்பு சித்தி?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். ஒரு நிறமும் வரவில்லை. என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். அம்மா எண்ணெய்க் கையோடு சட்டையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மிகக் கவனமாகச் சட்டையை மேலே இழுத்து மூடி, சித்தியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். ஒருவரும் அழவில்லை.

பின்னேரம் சுவிஸிலிருந்து ரெலிபோன் வந்தது. அப்பா எடுக்கப் போக, அம்மா அவரைத் தாண்டிப் போய் ரிசீவரைக் கையில் எடுத்தார். சித்தி பக்கத்துக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் நின்றது.

"அவள் இஞ்சை இல்லை, தம்பி" என்றார் அம்மா. "விளையாடப் போயிட்டாள்."

மறுபக்கம் ஏதோ கேட்டது.

"ஓம், விளையாடத்தான். எப்ப வருவாளெண்டு சொல்லேலாது. நீர் பாத்துக்கொண்டிராதையும்."

வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது திரும்பவும் ஒலித்தது. அம்மாவே போய் எடுத்தார்.